கருவாட்டோட வந்த கள்ளி

வவுனியா மறியல்,
பெண்கள் பகுதி.
12.02.2024

யதுர்ஷிகாவுக்கு,

அன்பின் கின்பின் எண்டு ஒண்டும் போடமாட்டன். அவ்வளவு கோவத்தில இருக்கிறன். இந்தக் கடிதத்தை முதலில இஞ்ச ஒரு ஜெயில் மேடம் வாசிச்சுப்போட்டுத்தான் அனுப்புவா. வாசிக்கட்டும். மேடம், நீங்களும் வடிவாக் கேளுங்கோ.

நேற்று தம்பி நிறோஜன் முல்லைத்தீவிலயிருந்து என்னைப் பாக்க வந்தவன். கம்பிக்கு அந்தப் பக்கம் நிண்டுகொண்டு சொல்லுறான், "அக்கா, நீ தாலிக்கொடியை அறுக்க வந்தனீ எண்டு யதுர்ஷிகா அக்கா பொலிஸில எழுதிக் குடுத்திருக்கிறாவாம். மறிக்க வந்த புருசனை வெட்டினனீயாம்." நான் முதலில சிரிச்சனான். பேந்து அவன்ர முகத்தைப் பாத்து நிப்பாட்டினன்.

எடியே, நான் என்னத்தோட வந்தனான் எண்டு உனக்குத் தெரியும். ஒரு பை கட்டாமீன் கருவாடு. நானே வெட்டி, நானே உப்புப் போட்டு, காகம் கலைச்சுக் காயவைச்சது. களவெடுக்க வாறவள் கருவாடு கொண்டு வாறவளோ?

படலையடிக்கு வரேக்கையே சத்தம் கேட்டது. ஆரோ நெல்லு மூட்டை இறக்கினம் எண்டு நினைச்சனான். உள்ளுக்கு வந்து பாத்தால் கிணத்தடித் தொட்டிக்குள்ள உன்ர தலை. உன்ர பிரதீபன் பின்னலைப் பிடிச்சு அமத்திக்கொண்டு நிக்கிறான். தூக்கிறான், கன்னத்தில குடுக்கிறான், திரும்ப அமத்துறான். உன்ர கால் ரெண்டும் சேத்தில கிடந்து உதறுது. தலை வெளியில வாற நேரத்திலயும் உன்ர வாயிலயிருந்து ஒரு சத்தம் வரேல்லை. எனக்கு அதுதான் பயம் பிடிச்சது.

நான் குழறினனான். "ஓடி வாங்கோ, கொல்லுறான்" எண்டு தொண்டை கிழியக் குழறினனான். எங்கட கரையில ஒருத்தி குழறினால் வாடியில வலை பொத்துறவன் ஊசியோட ஓடி வருவான். வீட்டுக்கு வீடு வேலி இல்லை, ஒரு வீட்டுச் சண்டை எல்லாரின்ரையும் சண்டை. உங்கட ஸ்கந்தபுரத்தில ஒரு காகமும் வரேல்லை. பக்கத்துக் காணிச் சிற்றம்பலம் ஐயா வாய்க்கால் வரம்பில நிண்டு எங்கட பக்கம் பாத்தவர். பேந்து குனிஞ்சு வாய்க்காலைப் பாத்தவர்.

அதாலதான் நான் குசினிக்குள்ள ஓடினது. கையில அம்பிட்டது தேங்காய் துருவுற திருவலை. தேங்காய்ப்பூ ஒட்டியிருந்த அந்தப் பல்லோட தூக்கி அவன்ர மண்டையில போட்டனான். ரெண்டாந்தரம் தோளில. அவன் தொட்டிக்குள்ளயே சரிஞ்சான், தண்ணி சிவத்துப்போச்சு. உன்னை மயிரில பிடிச்சு வெளியில இழுத்தன். நீ இருமி இருமித் தண்ணி கக்கினனீ. கக்கி முடிச்ச உடன என்ன செய்தனீ? உன்ர சட்டையைக் கிழிச்சு அவன்ர மண்டையைக் கட்டினனீ. என்னைப் பாத்து "போ" எண்டனீ. நான் போகேல்லை. பொலிஸ் வரும் வரைக்கும் உனக்குப் பக்கத்தில நிண்டனான்.

என்ர வழக்குத் தவணை மார்ச் இருபத்தைஞ்சு, கிளிநொச்சிக் கோட்டில. வந்து நடந்ததைச் சொல்லு. உன்னை விட்டால் எனக்குச் சாட்சி இல்லை. கொலைகாரி எண்டு சொல்லியிருந்தாலும் பரவாயில்லையடி. கள்ளி எண்டு சொல்லிப்போட்டாய். உண்மையான சினேகிதி எண்டால் வருவாய்.

றோஸ்மேரி

•

ஸ்கந்தபுரம்,
கிளிநொச்சி.
20.02.2024

செல்வி றோஸ்மேரி அவர்களுக்கு,

தங்களது 12ஆம் திகதிய கடிதம் கிடைக்கப்பெற்றேன்.

எனது கணவர் என்னை ஒருபோதும் துன்புறுத்தியதில்லை. சம்பவ தினத்தன்று நான் தொட்டியடியில் தலைமுழுகிக்கொண்டிருந்தேன். எனது கணவர் எனக்கு உதவி செய்துகொண்டிருந்தார். தாங்கள் அத்துமீறி எமது வளவினுள் நுழைந்து எனது தாலிக்கொடியைப் பறிக்க முற்பட்டதுடன், தடுக்க வந்த கணவரைக் கொலைவெறியுடன் தாக்கினீர்கள். அவரது வலக்கண் பார்வை இன்றும் மங்கலாகவே உள்ளது.

தங்களுடன் எமக்கு எவ்வித நட்பும் கிடையாது. இனிமேல் கடிதம் எழுதினால் பொலிஸில் முறையிடப்படும்.

இப்படிக்கு,
திருமதி யதுர்ஷிகா பிரதீபன்

•

வவுனியா மறியல்.
28.02.2024

எடியே யது,

இதை உன்ர முன்பள்ளிக்கு, அனோஜா ரீச்சரின்ர பேருக்கு அனுப்புறன். அவா நல்ல மனிசி, ஒருத்தருக்கும் காட்டாமல் உன்ர கையில தருவா.

திருமதி பிரதீபனின்ர கடிதம் வந்தது. என்னோட இருக்கிற பெட்டையளுக்கும் உரத்து வாசிச்சுக் காட்டினன். "தலைமுழுகிக்கொண்டிருந்தேன், கணவர் உதவி செய்துகொண்டிருந்தார்" எண்டு வரேக்க ஒருத்தி பாயில உருண்டு சிரிச்சாள். அவளும் புருசனாலதான் உள்ளுக்கு வந்தவள். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

எழுத்து உன்ர எழுத்து. கதை அவன்ர கதை. நீ எனக்குத் "தாங்கள்" எண்டு எழுதுறவளோ? சண்டை முடிஞ்சு அகதி முகாமில ஒரு கூடாரத்தில ஒரு பாயில படுத்தெழும்பினனாங்கள். நீ சைவக்காரி, நான் வேதக்காரி எண்டு அந்தத் தறப்பாளுக்குள்ள ஆரும் கேக்கேல்லை. "நட்பும் கிடையாது" எண்ட இடத்தில பேனை தாளைக் கிழிச்சிருக்கு. நீ அழுத்தினனீயோ, அவன் உன்ர கையைப் பிடிச்சு அழுத்தினவனோ? அதை மட்டும் சொல்லு.

அம்மா முகாமில செத்த அண்டைக்கு ஞாபகம் இருக்கோ? ஆண்டவரின்ர சித்தம், ஆண்டவரின்ர சித்தம் எண்டு வந்த சனமெல்லாம் சொல்லச் சொல்ல எனக்கு விசர் பிடிக்கப் பாத்தது. நீ மட்டும் பின்னால வந்து குந்தியிருந்து என்ர தலையில பேன் பாக்கத் தொடங்கினனீ. உன்ர வீட்டாக்கள் எல்லாரும் முந்தியே செத்துப்போச்சினம், உனக்கு அழ ஆளில்லை, நீ எனக்குப் பேன் பாத்தனீ. இருட்டுப்படும் வரைக்கும் பாத்தனீ. இவளை விடக்கூடாது எண்டு அண்டைக்குத்தான் நான் நினைச்சது.

அந்தப் பெட்டை எங்கயடி? அவளைத்தான் நான் தவணைக்குக் கூப்பிடுறன். திருமதி பிரதீபன் வீட்டில நிக்கட்டும்.

இண்டைக்கு இஞ்ச பருப்பும் புடலங்காயும். தவக்காலம், எனக்கு அது பரவாயில்லை. நீ சாப்பிடுறியோ?

றோஸ்

•

முன்பள்ளி,
ஸ்கந்தபுரம்.
07.03.2024

றோஸ்,

பிள்ளையள் பாயில படுத்திருக்கினம். எழும்ப முதல் எழுதி முடிக்கவேணும்.

நீ கேட்டதுக்குப் பதில். ஆரும் என்ர கையைப் பிடிக்கேல்லை. அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினனான். பின்னால நிண்டு என்ர பிடரியில ஒரு விரல் வைச்சுக்கொண்டிருந்தவர். வேற ஒண்டும் செய்யேல்லை. எழுதி முடிச்ச பிறகும் அந்த இடம் எனக்குக் குளிர்ந்துகொண்டே இருந்தது.

நீ என்னில கோவப்படு, அது சரி. ஆனா நானும் உன்னில கோவமாத்தான் இருக்கிறன். அதை ஆரும் என்னட்டக் கேக்கேல்லை.

நான் உன்னைக் கூப்பிட்டனானே? அடி எண்டு சொன்னனானே? நீ எப்பவும் இப்பிடித்தான். முகாமில தண்ணி வரிசையில ஒருத்தி என்னைத் தள்ளிப்போட்டாள் எண்டு வாளியால அவளின்ர மூக்கை உடைச்சனீ. எல்லாரும் உன்னைப் பெரிய வீரி எண்டினம். அடுத்த நாள் நீ காய்ச்சலெண்டு படுத்திட்டாய், நான் தனியத் தண்ணிக்குப் போனனான். அவளும் அவளின்ர தமக்கைமாரும் என்னைக் கக்கூசுக்குப் பின்னால இழுத்துக்கொண்டு போய் வாளிக் கம்பியால அடிச்சவை. வழுக்கி விழுந்தனான் எண்டு உனக்குச் சொன்னனான். நீ நம்பினனீ.

இப்பவும் அதுதான் நடக்குது. நீ அடிச்சுப்போட்டு உள்ளுக்குப் போயிட்டாய், நான் ஆசுப்பத்திரியால அவரோட வீட்டை வந்தன். தையல் வெட்டின அண்டைக்கு முதல் கேள்வியா, "அந்தத் திருவலை எங்க" எண்டார். பொலிஸ் கொண்டு போட்டுது எண்டன். பின்னேரமே புதுசு ஒண்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதில இன்னும் ஒரு தேங்காயும் துருவேல்லை. கதவுக்குப் பின்னால சாத்தி வைச்சிருக்கிறார். கறியில உப்புக் குறைஞ்சால் அதைப் பாக்கிறார், பேந்து என்னைப் பாக்கிறார். போன கிழமை பாத்ததோட நிக்கேல்லை. என்ர தொடையில திருவலைப் பல்லுப் பட்ட இடம் இன்னும் காயேல்லை. பிள்ளையளோட நிலத்தில இருக்க ஏலாமல் கதிரையில இருந்து பாட்டுச் சொல்லிக் குடுக்கிறன். ஏன் ரீச்சர் கதிரையில எண்டு கேக்குதுகள்.

ஊரெல்லாம் சொல்லி வைச்சிருக்கிறார். றோஸ்மேரி பிணையில வெளிக்கிடப் போறாளாம், கரையாலயிருந்து ஆக்களைக் கூட்டிக்கொண்டு பழிவாங்க வருவாளாம், கண்டால் விடாமல் அடிச்சுப் பிடியுங்கோ எண்டு. சனம் நம்பிப்போட்டுது. சிற்றம்பலம் ஐயா படலையில ஒரு பொல்லு சாத்தி வைச்சிருக்கிறார். உன்னைப் பிடிக்க எல்லாரும் ஆயத்தம், றோஸ்.

நான் ஏன் குழறுறேல்லை எண்டு நினைப்பாய். முகாமால வந்த பிறகு சின்னம்மா என்னை எடுத்து வளக்கேக்க முதல் சொல்லித் தந்தது, வீட்டுச் சத்தம் படலைக்கு வெளியில போகக்கூடாது எண்டுதான். இப்ப வாயைத் திறந்தாலும் சத்தம் வராது. பழகிப்போச்சு.

நான் தவணைக்கு வரமாட்டன். வந்து சொல்லிப்போட்டுத் திரும்ப எந்த வீட்டுக்குப் போறது? உண்மையான சினேகிதி எண்டால் வருவாய் எண்டு எழுதினனீ. அடிக்க முதல் என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாம். எனக்கு அப்பிடியொரு சினேகிதிதான் வேணும்.

கருவாட்டுப் பையை அவர் நாய்க்குப் போட்டிட்டார். ஒரு துண்டை நான் ஒளிச்சு வைச்சுச் சுட்டுத் திண்டனான்.

யது

•

வவுனியா மறியல்.
12.03.2024

யதுர்ஷிகா,

சரி. நல்லா இரு. உன்ர உயிரை இழுத்து வெளியில போட்டவளிட்ட, ஏன் கேக்காமல் இழுத்தனீ எண்டு கேக்கிறாய். அவன் உன்னை அமத்தேக்க நான் படலையில நிண்டு, "யது, அடிக்கட்டோ, விடட்டோ" எண்டு கேட்டிருக்கவேணும், என்ன? நீ தண்ணிக்குள்ளயிருந்து கையைக் காட்டியிருப்பாய்.

இஞ்ச கொசு என்னைத் திண்டு முடிக்குது. வெளியில என்ர தம்பியைப் பாத்துக் கள்ளியின்ர தம்பி எண்டு கரையில கதைக்கினமாம். அவன் அதுக்கு ரெண்டு பேரோட அடிபட்டு உதடு கிழிஞ்சு வந்து நிக்கிறான். எல்லாம் உன்ர கையெழுத்தால.

நீ செத்தாலும் நான் செத்தவீட்டுக்கு வரமாட்டன். வரவும் ஏலாது, உன்ர புண்ணியத்தில நான் உள்ளுக்கு.

இனி எழுதாத.

றோஸ்மேரி

•

வவுனியா மறியல்.
16.03.2024

யது,

முந்தின கடிதம் வந்திருந்தால் கிழிச்செறி. செத்தாலும் எண்டு எழுதிப்போட்டு எனக்குச் சோறு இறங்கேல்லை. அப்பிடி எழுதினவளின்ர கையை நானே உடைச்சிருப்பன், என்ர கையாப் போச்சு.

நேற்று இஞ்ச ஒரு சண்டை. தலைமுழுகிற கதைக்குச் சிரிச்சாள் எண்டு சொன்னனே, அவளைக் குழாயடியில ஒருத்தி பிடிச்சுச் சுவரோட மோதினாள். புருவம் வெடிச்சு ரத்தம் கண்ணுக்குள்ள ஓடுது. என்ர கை தன்பாட்டில வாளிக்குப் போச்சு. தூக்கிப்போட்டன். அப்பதான் உன்ர கடிதம் நினைவு வந்தது. ரத்தம் வழிஞ்சுகொண்டு நிக்கிறவளிட்ட, "அடிக்கட்டோ" எண்டு கேட்டன். விசர்க் கேள்விதான். அவள் என்ன சொன்னவள் தெரியுமோ? "வேண்டாம் அக்கா. நீங்கள் அடிச்சால் அவள் பிறகு என்னைக் கொல்லுவாள். மேடத்தைக் கூப்பிடுங்கோ, அது வரைக்கும் எனக்குப் பக்கத்தில நில்லுங்கோ." நான் வாளியை வைச்சுப்போட்டு மேடத்தைக் கூப்பிட்டுக் குழறினன். பக்கத்தில நிண்டன். எனக்கு அடிக்கிறது லேசு, யது. சும்மா நிக்கிறதுதான் ஏலாது.

அப்ப உன்னட்டயும் கேக்கிறன், பிந்தித்தான். உனக்கு என்ன வேணும்?

தவணைக்கு வராத. மெய்யாத்தான் சொல்லுறன். நீ வந்து எனக்காகச் சொல்லிப்போட்டு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சாகிறதிலும் பாக்க, நான் கள்ளி எண்டே இருக்கிறன். மறியல் ஒருநாள் முடியும். கரையில நாலு பேர் கதைப்பினம், கதைக்கட்டும். லோயருக்கும் சொல்லிப்போட்டன், அவளை இழுக்காதேங்கோ எண்டு.

ஒண்டே ஒண்டு கேக்கிறன். ஏலுமெண்டால் செய். அவன் கை வைக்கேக்க குழறு. என்ன சொல்லிக் குழறுறது எண்டு யோசிச்சுக்கொண்டு நிப்பாய், உனக்கு எல்லாத்துக்கும் யோசினை. வாயில வாறதைச் சொல்லிக் குழறு. ஒண்டும் வராட்டி ஆ எண்டு குழறு. அண்டைக்கு எனக்கு ஒருத்தரும் வரேல்லைத்தான். உனக்கு வருவினம் எண்டும் நான் சொல்லமாட்டன். எண்டாலும் குழறு.

றோஸ்

•

கிளிநொச்சி ஆசுப்பத்திரி.
22.03.2024

றோஸ்,

தபாலில போட்டால் தவணைக்குப் பிறகுதான் வந்து சேரும். நிறோஜனிட்டக் குடுத்து விடுறன். எழுத்து கோணலா இருந்தால் குறை நினைக்காத. தோள் எலும்பு வெடிச்சிருக்கு, இடக்கையால தாளைப் பிடிக்க ஏலாது.

உன்ர ரெண்டு கடிதமும் ஒரே நாளில வந்தது. செத்தாலும் எண்ட கடிதத்தை அனோஜா ரீச்சரின்ர அடுப்பில போட்டன். மற்றதைப் போட மனம் வரேல்லை. சட்டைக்குள்ள வைச்சுக்கொண்டு வீட்டை போனன். அதுதான் பிழையாப் போச்சு. சோறு போடக் குனியேக்க தாளின்ர மூலை வெளியில தெரிஞ்சிட்டுது.

அவன் பறிச்சு, இருந்து ஆற அமர வாசிச்சான். "வராத எண்டுதானே எழுதியிருக்கிறாள்" எண்டு நான் சொன்னன். கடைசி வரைக்கும் வாசிச்சு முடிச்சு, தாளை மடிச்சு, என்னைப் பாத்து, "எங்க, குழறு பாப்பம்" எண்டான்.

பின்னலைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனான். போற வழியில கதவுக்குப் பின்னாலயிருந்து திருவலையையும் எடுத்தவன். முதல்தரம் அமத்தித் தூக்கி, "குழறு" எண்டான். வாயைத் திறந்தன், தண்ணிதான் வந்தது. திருவலைக் கட்டையால தோளில ஒண்டு போட்டான். எலும்பு வெடிச்சது அப்பதான். ரெண்டாந்தரம் கனநேரம் அமத்தினான். காதுக்குள்ள மேளம் அடிச்ச மாதிரி இருந்தது. இதோட சரி எண்டு நினைச்சன். தலை வெளியில வந்த உடன நான் ஒண்டும் யோசிக்கேல்லை, றோஸ். மெய்யா ஒண்டும் யோசிக்கேல்லை. வந்தது உன்ர பேர்.

"றோஸ்மேரி" எண்டு குழறினன்.

அவன் பின்னலை விட்டிட்டுப் படலையைத் திரும்பிப் பாத்தான். நீ வந்து நிக்கிறாய் எண்டு நினைச்சிட்டான். கலியாணம் கட்டின நாளிலயிருந்து அவன்ர முகத்தில பயத்தை நான் அண்டைக்குத்தான் கண்டது. அதைக் கண்ட பிறகு எனக்கு நிப்பாட்ட ஏலேல்லை. றோஸ்மேரி, றோஸ்மேரி எண்டு குழறினன். எனக்கு இவ்வளவு சத்தம் இருக்கெண்டு எனக்கே தெரியாது.

சனம் வந்திட்டுது. எங்கட ஒழுங்கையில இருக்கிற எல்லாரும் வந்தவை. "கள்ளி வந்திட்டாள், விடாதை, பிடி" எண்டுகொண்டு சிற்றம்பலம் ஐயா பொல்லோட முன்னுக்கு ஓடி வாறார். பின்னால மண்வெட்டியோட, உலக்கையோட, கையில அம்பிட்டதோட மற்றாக்கள். படலையைப் பிரிச்சுக்கொண்டு வந்தவை. ஒருத்தன் உன்னைத் தேடிக் குசினிக்குள்ளயும் ஓடினவன். கள்ளி எங்க? வளவில ஒரு கள்ளியும் இல்லை. தொட்டியும், சேத்தில நானும், திருவலையோட அவனும்தான்.

எல்லாரும் அப்பிடியே நிண்டிட்டினம். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒண்டும் இல்லை, போங்கோ. தலைமுழுக வாக்கிறன்" எண்டான்.

சிற்றம்பலம் ஐயா தொட்டியைப் பாத்தார். என்ர தோளைப் பாத்தார். "திருவலையால ஆரடா தலைமுழுக வாக்கிறது" எண்டு கேட்டார்.

அவன் திருவலையை அவருக்கு நேர ஓங்கினான். உன்னை அடிக்க வைச்சிருந்த பொல்லு அவன்ர முழங்கையில விழுந்தது. முறிஞ்ச சத்தம் எனக்கு வடிவாக் கேட்டது. எனக்குச் சந்தோசமா இருந்தது. பாவமெண்டாலும் எழுதுறன்.

இப்ப அவனும் இதே ஆசுப்பத்திரியில, ஆம்பிளையளின்ர பக்கம், கட்டிலோட விலங்கு போட்டுப் பொலிஸ் காவலில இருக்கிறானாம். நான் எல்லாத்தையும் சொல்லிக் கையெழுத்து வைச்சிட்டன். முந்தினது பொய் எண்டும் சொல்லிட்டன். நீ அறுக்க வந்தனீ எண்டு நான் எழுதின தாலிக்கொடி, அவன் அமத்தேக்க அறுந்து தொட்டிக்குள்ள கிடக்கு. எடுத்துத் தரட்டோ எண்டு அனோஜா ரீச்சர் கேட்டவா. கிடக்கட்டும் எண்டன்.

நேற்று சிற்றம்பலம் ஐயா பாணும் வாழைப்பழமும் கொண்டு வந்தவர். கதிரையில இருந்து ஒரு பழத்தை உரிச்சுத் தந்தார். பேந்து, "அண்டைக்கு அந்தப் பிள்ளை குழறினதும் எனக்குக் கேட்டது" எண்டார். நான் பரவாயில்லை எண்டு சொல்லேல்லை. அவருக்கு அது தேவைப்பட்டது, எனக்குச் சொல்ல மனமில்லை. தவணைக்குத் தானும் வாறாராம்.

நானும் வாறன், றோஸ். வராத எண்டு எழுதினனீ, அதாலதான் வாறன். உனக்கு என்ன வேணும் எண்டு ஒருத்தரும் என்னட்ட முந்திக் கேட்டதில்லை. பிறகு எங்க போறது எண்டு இன்னும் தெரியாது. அனோஜா ரீச்சர் தன்ர வீட்டில ஒரு அறை இருக்கு எண்டா. கரைப் பக்கம் பாப்பமோ எண்டும் ஒரு யோசினை. கருவாட்டுக்குக் காகம் கலைக்க எனக்குத் தெரியும்.

தொண்டை அடைச்சுப்போய்க் கிடக்கு, காத்துத்தான் வருது. நீதவான் ஐயாவுக்குக் கேக்காட்டி கிட்டப் போய் நிண்டு சொல்லுவன்.

பக்கத்துக் கட்டில் அக்கா கேக்கிறா, நித்திரையில றோஸ்மேரி றோஸ்மேரி எண்டு புலம்புறியே பிள்ளை, அது ஆர் எண்டு. "கள்ளி" எண்டன். அவா என்னை முழிச்சுப் பாத்தா. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, கழுத்து நல்லா நொந்தது.

யது